சேற்றுக்கு இருபது

மச்சான்,

இன்று காலை உன் பிக்கப்பின் கதவைத் திறந்ததும் பச்சைத் தேயிலைக் கொழுந்து வாசனை முகத்தில் அடித்தது. எத்தனை தடவை கழுவினாலும் அது போவதில்லை. ஆனால் இன்று அதில் கொழுந்து ஏறவில்லை. உன் மகள் ஏறினாள், கல்யாணப் பெண்ணாக.

வாடகைக்குப் பேசியிருந்த கார், மழையில் ஊறிய செம்மண் பாதையைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விட்டது. முகூர்த்தத்துக்குள் பெண் டவுன் கோயிலில் இருக்க வேண்டும். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவரு வண்டி கீழ எறங்கிடுமா?"

"எறங்கும் தங்கச்சி. காத்த நான் பாத்துக்கிறேன்."

காற்று விஷயத்தில் நாம் போடாத சண்டையா? அந்தப் பெரிய டயர்களை மாட்டிய புதிதில் நீ அடித்த கூத்தை மறக்க முடியுமா! டயரின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண் வரைக்கும் காற்றடித்தாய். அது டயர் தாங்கும் உச்சம், வண்டிக்கு வேண்டிய அளவு இல்லை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? கியா பார்ம் ஊர் வளைவில் வண்டி வெள்ளாடு மாதிரி துள்ளி, ஏற்றிவந்த முட்டைக்கோஸெல்லாம் ரோட்டில் உருண்டது. அதற்கப்புறம் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டாய். சேறு என்றால் காற்று இருபது பவுண்டுதான், பேச்சே கிடையாது.

"மண்ணப் பாரு மச்சான். டயரு பரந்து உக்காந்தாதான் புடிக்கும் லா" என்பாய், அந்த 'லா'வை இழுத்து.

"ஏத்துற சுமையப் பாருடா" என்பேன் நான்.

கதவோரம் ஒட்டியிருந்த காற்றளவுத் தாள் பழைய சின்ன டயருக்கானது. அது இருவருக்குமே உதவவில்லை. கடைசியில் சாக்பீஸ் யோசனையைக் கொண்டுவந்தவன் நீதான். டயரின் குறுக்கே கோடு போட்டு, சிமெண்டுத் தரையில் நேராகக் கொஞ்சம் உருட்டுவோம். கோடு நடுவில் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் அழிந்தால் குறைவு. உன் புத்தியை நான் மனதாரப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இன்று உன் சொல்லை மதித்து நாலு டயரையும் இருபதுக்கு இறக்கினேன். தாயும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்போது பார்த்து உன் அக்காமார் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஏறினார்கள். கூடவே சீர்த்தட்டு, வாழைத்தார், பெரிய குத்துவிளக்கு. பின் டயர்கள் இரண்டும் பிதுங்கின. பம்பை எடுத்தேன்.

உன் மகள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "மாமா, அப்பா சேத்துல இருவதுக்கு மேல வைக்கவே மாட்டாரு லா."

அப்படியே உன் பிடிவாதம். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அது வெறும் வண்டிக்கும்மா. ஒங்க அத்தைங்களுக்கு இல்ல."

அத்தைகள் முறைத்தார்கள். கோடு போட்டு உருட்டினேன், இரண்டு ஓரமும் அழிந்தது. பின்னால் மட்டும் காற்றைக் கூட்டி மறுபடி உருட்டினேன். கோடு சீராக அழிந்தது. அப்புறம் சேற்றுக்காகக் கொஞ்சம் இறக்கினேன். அது உன் பங்கு.

ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் லேசாக நழுவியது. பின்னாலிருந்து "முருகா!" என்று ஒரே குரலாக எழுந்தது. நான் பயப்படவில்லை. டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. தார் ரோடு வந்ததும் நிறுத்தி, நாலுக்கும் காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இனி அந்த வண்டியை நான்தான் ஓட்டப்போகிறேன். மண்ணையும் பார்ப்பேன், சுமையையும் பார்ப்பேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு டிரைவர் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

கோயில் வாசலில் மேளம் கேட்டது. சேலையில் ஒரு சொட்டுச் சேறு படாமல் இறங்கியவள், என் காதோரம் குனிந்தாள்.

"நீங்க வச்சதுதான் சரி மாமா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டேன், மச்சான். சண்டைக்கு வா.