ஜெபினைத் தூக்கிய நாலு பேர்

என் செல்லத் தம்பி ஜெபினுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கோபப்பட அனுமதி உண்டா, தெரியவில்லை. இல்லையென்றால் உனக்கும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கிறிஸ்மஸுக்கும் நம் கோயில் முகப்பில் நட்சத்திரம் கட்ட ஏற்பாடு செய்தார்கள். கீழே உன் போட்டோ. 'ஆண்டவர் அழைத்துக்கொண்டார்' என்று எழுதியிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆண்டவரா அழைத்தார்? நட்சத்திரம் கட்டப்போய் ஏணியிலிருந்து விழுந்தாய். விழுந்தவனை நாலு பேர் தூக்கினார்கள். அவர் தலையில் பழியைப் போட இவர்களுக்கு வெட்கமாக இல்லையா?

அன்றைக்கு நான் குவைத்தில், ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டியில். யாரோ ஒரு புண்ணியவான் எடுத்த வீடியோ போனுக்கு வந்தது. மல்லாந்து கிடக்கிறாய். "கால அசச்சுக் காட்டுலே" என்கிறான் ஒருவன். உன் கால்விரல்கள் அசைகின்றன. நன்றாக அசைகின்றன, ஜெபின்! அப்புறம் நம் சித்தப்பா மகன் செல்வினின் குரல்: "பிடிச்சு இருத்துங்கலே! கொறச்சு வெள்ளம் குடுங்க, சரியாவும்." கக்கத்தில் இரண்டு பேர், காலில் இரண்டு பேர். அரிசி மூட்டையைப் போல மடக்கித் தூக்கி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே திணித்து... விழுந்தவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காவிட்டால் நம் ஊருக்குப் பொறுக்காதே. அன்பாம்! அந்த அன்பில் இடி விழ.

தண்டுவடம் என்ன, தேர்வடமா? உன் சுண்டுவிரல் கனம்தான். மூளைக்கு அடியிலிருந்து முதுகெலும்பின் துளை வழியே இறங்கி, இடுப்புக்குச் சற்று மேலே முடிந்துவிடும். அதிலிருந்து முப்பத்தொரு ஜோடி நரம்புகள் இருபுறமும் பிரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்: பின்வேர் சூட்டையும் வலியையும் உள்ளே கொண்டுபோகும், முன்வேர் 'அசை' என்ற கட்டளையை வெளியே கொண்டுவரும். கழுத்தில் பிரிபவை கைக்கு. நெஞ்சில் பிரிபவை விலாவுக்கும் வயிற்றுக்கும். இடுப்பில் பிரிபவை காலுக்கு. கடைசியில் உள்ளவை மூத்திரத்துக்கும் மலத்துக்கும் காவல்.

முறிந்த எலும்பு கூடிவிடும். நசுங்கிய வடம் கூடாது. விழுந்தபோது உனக்கு முறிந்தது எலும்புதான். மடக்கித் தூக்கினார்களே, அப்போதுதான் அந்த எலும்பு வடத்தை நசுக்கியது.

வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தேன். இரண்டு வருஷம் கிடந்தாய். தொப்புளுக்குக் கீழே எதுவும் உன் சொல் கேட்கவில்லை. ஒருநாள் உள்ளங்காலைத் துடைத்தபோது கால் வெடுக்கென்று மடங்கியது. "காலு அசையுது! எம்புள்ள பொழச்சிட்டான்!" என்று அம்மா தெருவையே கூட்டி ஜெபமாலை சொல்லவைத்தாள். அந்தச் சேதி மூளைக்குப் போகவேயில்லை, நசுங்கிய இடத்துக்குக் கீழே வடமே பதில் சொல்லி அனுப்பிவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? நீ என்னைப் பார்த்தாய். "எக்கா, நீ தொட்டதே எனக்குத் தெரியல. அம்மாட்ட சொல்லாத."

இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்தபோதும் உனக்கு வலிக்கவில்லை. நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப்போட்டும் சீழ் உள்ளேயே பரவிவிட்டது. வலிக்காத புண்தான் உன்னைக் கொண்டுபோனது.

இந்த வருஷம் ஏணியில் ஏறியது யார் தெரியுமா? செல்வின். அவனும் விழுந்தான். அதே கூட்டம் ஓடிவந்தது. அதே "இருத்துங்கலே!"

"எவனாவது தொட்டா, கைய வெட்டிப்போடுவேன்!" என்று கத்திக்கொண்டே போய் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். சாமான் அறைக் கதவைக் கழற்றச் சொன்னேன்.

"கதவா?" என்றார் பங்குத்தந்தை.

"ஆமா ஃபாதர். கதவ பெறவு மாட்டிக்கிடலாம். இவன மாட்ட முடியாது."

தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி உருட்டி, கதவில் கிடத்தி, வேனில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். உனக்கு முறிந்த அதே இடம். வடம் தப்பிவிட்டது.

நேற்று வீட்டுக்கு வந்தான். இடுப்பில் பெல்ட். நடந்து வந்தான், லே! படியேறி வந்து நின்று அழுதான். "எக்கா, அன்னைக்கு நான்தானே அவன..." என்றான். அவன் கெட்டவன் இல்லை, தெரியாமல் செய்தான். தெரியாமல் செய்தால் நீ திரும்பி வந்துவிடுவாயா? அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை மன்னித்தேனா என்று கேட்காதே. வாக்கு ஒன்று தருகிறேன். அவன் எலும்பு கூடியதும், கடற்கரை ஊர்கள் முதல் கீரிப்பாறை எஸ்டேட் வரை, மரமேறும் இடம், நட்சத்திரம் கட்டும் இடம் எல்லாவற்றுக்கும் அவனைக் கூட்டிப்போவேன். கூட்டத்தின் நடுவே தரையில் கிடத்தி, விழுந்தவனை எப்படித் தொடவேண்டும் என்று காட்டுவேன். முடிந்ததும் எல்லோரும் பார்க்க எழுந்து நடக்கச் சொல்வேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டே நடக்கட்டும்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் ஒரே அக்கா ஷீபா