ஏ. காம்பரம் என்று எழுதப்பட்ட நைனாவுக்கு

பாசமுள்ள நைனா,

பிள்ளையார்பாளையத்திலிருந்து கோமளா எழுதுகிறேன். இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியவில்லை. அதனால் உன்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். இருந்தபோதே யார்மேலும் கோபப்படாத ஆள் நீ.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் பதக்கங்கள் வந்துவிட்டன. போர்முனையில் நின்றவர்களுக்குத் தரும் நட்சத்திரம் ஒன்று. எதிரியின் தாக்குதலில் அடிபட்டவர்களுக்குத் தரும் காயப் பதக்கம் ஒன்று. உன் சர்வீஸ் ரெக்கார்டில் 'மலையில் தவறி விழுந்து முழங்கால் முறிவு' என்றிருந்ததை நீக்கிவிட்டு, 'எதிரியின் பீரங்கித் தாக்குதலில் காயம்' என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள் அம்மா. படித்தேன். எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள். அன்றைக்கு அவள் அழவில்லை.

எப்படி வந்தது என்று கேட்பாய். உன் சாவு நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

நீ நெசவுக்காரன் இல்லை. தாமல் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பத்துப் பிள்ளை. பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு இந்த நெசவுத் தெருவில் குடியேறியவன். ஆனாலும் அன்றைக்கு உனக்காகத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. வாசல் பந்தலில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் அண்ணன் கன்னியப்பன் மாமாவும் தாமலிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் நல்லதாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்.

"தங்கமான மனுசன்பா எங்க மச்சான். அந்த ஒரு நாளு மட்டும் ரம்மப் போட்டுக்கினு மலையில உருளாம இருந்திருந்தா, பெரிய ஆபீசராத்தான் வந்திருப்பாரு."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உன் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு பந்தலுக்குப் போய் நின்றாள்.

"அண்ணா, எழுந்து போ."

"இன்னாம்மா பச்சையம்மா?"

"எழுந்து போன்னேன். அவரு ஒரு சொட்டு குடிச்சு நான் பாத்ததில்ல. மிலிட்டரி கேன்டீன்ல அவருக்குக் குடுத்த பாட்டிலு அத்தனையும் வாங்கிக்கினு போயி குடிச்சவன் நீ. எழுந்துரு."

உன்னை எடுப்பதற்கு முன்பே மாமா போய்விட்டார். அண்ணன் தங்கை பேச்சு அன்றோடு நின்றது.

இந்தப் பழி உனக்கு எப்படி ஒட்டியது என்பது எனக்குத் தெரியும் நைனா. வங்கதேசம் பிறந்த அந்தப் போரின்போது நீ மேற்கே காஷ்மீர் மலையில் இருந்தாய். கோலூன்றிக்கொண்டு ஊருக்கு வந்தாய். இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் உன் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படித்துப் பார்த்து 'விழுந்திருக்கான்' என்றார். பட்டாளத்தில் ரம் கொடுப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஒருமுறை மேலே எழுதிக் கேட்டாயாம். நீ சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று பதில் வந்ததாம். அதோடு வாயை மூடிக்கொண்டாய். படைவீரர் கூட்டங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டாய். "கால் ஏன் நைனா இப்படி?" என்று நாங்கள் கேட்டால், "மலைன்னா வழுக்கும்மா" என்பாய். ஏன் நைனா? பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று யார் உனக்குச் சொன்னது?

காரியம் முடிந்த மறுநாள் அம்மா என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தாள். ஆதார் கார்டில் பெயர் தப்பாகிவிட்டது, ரேஷன் கார்டில் அப்பா பெயர் மாறிவிட்டது என்று நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊராரு பேரெல்லாம் திருத்திக் குடுக்கிற. உங்க நைனாவுது திருத்த மாட்டியா?"

பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு அவள் பெயரிலேயே விண்ணப்பம் போட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. மருத்துவக் குறிப்பில் விழுந்ததாகத்தான் இருக்கிறது, எதிரியால் காயம் என்பதற்கு வேறு ஆஸ்பத்திரிச் சீட்டோ கண்ணால் பார்த்த சாட்சியோ இருந்தால் அனுப்புங்கள் என்றிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட விஷயத்துக்குச் சாட்சிக்கு நான் எங்கே போவேன்?

வழி காட்டியது நீதான். கடைசிக் காய்ச்சலில் நீ பினாத்தியது அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. "காதரு, கவுத்த வுடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்தக் காதர் யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் உன் போட்டோவையும் அந்தப் பெயரையும் போட்டேன். பட்டாளத்து உடையில் கோவேறு கழுதைக்குப் பக்கத்தில் நிற்பாயே, அந்தப் போட்டோ. கொஞ்ச நாளில் ஆற்காட்டுப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். "எங்க மாமனாரு பேரு காதர். அவருகிட்டயும் இதே மாதிரி ஒரு போட்டோ இருக்குதும்மா."

அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். பக்கவாதம் வந்து காதர் பாய்க்கு வலது கை விழுந்துவிட்டிருந்தது. கண்ணும் மங்கல். போட்டோவை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யா அல்லா! ஏகா! எங்க அவன்? வாசல்லயே நிக்கிறானா?"

"இல்லீங்க பாய்," என்றாள் அம்மா. "போயிட்டாரு."

நல்ல கையால் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். துண்டை எடுத்த பிறகு, உருதுவில் மகளை அழைக்கிற 'பேட்டி' என்ற சொல்லால் என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் கச்சர் கம்பெனி, பேட்டி. கச்சர்னா கோவேறு கழுத. ரோடே இல்லாத மலையில அதுங்க முதுகுலதான் குண்டும் தண்ணியும் மேல போவும். அன்னிக்கு மேல இருந்தவனுங்ககிட்ட குண்டு தீந்துபோச்சு. நாங்க ஏறிக்கினு இருந்தோம். பாதி மலையில ஷெல் வந்து வுழுந்துச்சு. முன்னால போன கச்சரு அங்கியே போச்சு. ஷெல்லு பேத்த பாற ஏகாவோட முட்டிய ஒடச்சிடுச்சு. பின்னால வந்த கச்சரு மிரண்டுபோயி திமிறுது. அது ஓடினா லோடு போச்சு. கவுத்தக் கையில சுத்திக்கினு படுத்துட்டான் உங்கப்பன். தரதரன்னு இழுத்துக்கினு போவுது, வுடல. நான் வந்து புடிக்கிற வரைக்கும் வுடல."

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"'லோட மேல கொண்டுபோ, திரும்பி வந்து என்னத் தூக்கு'ன்னான். போனேம்மா. எறக்கிட்டு வந்துதான் தூக்கினேன்."

"அதுவரைக்கும் அவரு?"

"அங்கியேதான் கெடந்தாரு. பனியில."

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், தனக்கே குளிர்கிற மாதிரி.

அடிபட்டவர்களை முதலில் கொண்டுபோகும் ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் சீட்டு எழுதினார்களா என்று கேட்டேன். எழுதினார்களாம். "இவனுக்கு நெனப்பே இல்ல. நான்தான் பேரு சொன்னேன். எழுதினவன் வடக்கத்திப் பையன். 'ஏகாம்பரம்'னேன். ரெண்டு மூணு தரம் சொல்லச் சொன்னான். அப்புறம் 'ஏ?'ன்னு கேட்டான். இன்னா கேக்கிறான்னு புரியல. 'ஹாங் ஜி', ஆமாங்கன்னு தலையாட்டிட்டேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன் நைனா. என் சென்டரில் இந்த மாதிரிப் பெயர்களைப் பார்க்காத நாளே கிடையாது. 'ஏ' என்பதை இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெயராக எழுதியிருப்பான் அந்தப் பையன். ஏ. காம்பரம். பட்டாள நம்பரைச் சொல்லக் காதர் பாய்க்குத் தெரியாது. சொல்லும் நிலையில் நீ இல்லை. அந்தச் சீட்டு கூட வராமலேயே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கம்பெனிப் பதிவிலிருந்து உன் சரியான பெயர் தெரிந்தது. மலையிலிருந்து வந்தவன், முழங்கால் முறிந்தவன், எனவே விழுந்திருப்பான் என்று எழுதிவிட்டார்கள். குண்டடி பட்டவன் ஏ. காம்பரம், அப்படி ஒருவன் உலகத்திலேயே இல்லை. விழுந்தவன் ஏகாம்பரம் ஆகிவிட்டான். போர்முனையில் இருந்தவர்கள் பட்டியலை எழுதியபோது நீ ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நட்சத்திரமும் தவறிப்போனது.

காதர் பாயின் சாட்சியத்தை வக்கீலிடம் எழுதி வாங்கினோம். வலது கை முடியாதவர் என்று பார்த்துப் பெருவிரல் ரேகைக்கு மை டப்பாவை நீட்டினார் வக்கீல். பாய் அதைத் தள்ளிவிட்டார். "கையெழுத்துப் போடக் கத்துக்கினதே பட்டாளத்துலதான். ஏகாவுக்கு ரேக வெக்க மாட்டேன்." இடது கையால் எழுத்து எழுத்தாகப் போட்டார். வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தச் சாட்சியத்தை வைத்து, ஏ. காம்பரம் என்ற பெயரில் தேடிப்பாருங்கள் என்று மறுபடி எழுதினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. ஐயம்பேட்டைப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் தெரிந்தவர்கள் கேட்பார்கள், "இன்னும் அத வுடலியாம்மா நீ?" விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அம்மாவிடம் ஒருநாள் சொல்லியும் விட்டேன். "நைனா வுட்டாரா கவுத்த?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒருநாள் பதில் வந்தது. அப்படி ஒரு பதிவு இருக்கிறது, தேதி, இடம், காயம் எல்லாம் பொருந்துகிறது, நம்பரில்லாத அந்தப் பதிவு உன்னுடையதுதான் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

பதக்கங்கள் வந்த அந்த வாரமே அம்மா தாமலுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். ஏரி நிரம்பியிருந்தது. கன்னியப்பன் மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. அம்மா பதக்கப் பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்தாள். பதக்கத்தோடு வந்த உத்தரவைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். காதர் பாய் சொன்னதையும் சொன்னேன்.

மாமா வெகுநேரம் பதக்கத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னாரு அண்ணா. வந்த அன்னிக்கே, இதே வூட்டுல ஒக்காந்து சொன்னாரு. நீங்கெல்லாம் சிரிச்சீங்க. அதோட அவரு சொல்றத வுட்டுட்டாரு."

அப்படியா நைனா? நீ வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணமா? எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நான் வூட்டுக்கு வரலாமாம்மா?" என்றார்.

அம்மா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அவரு மனசு இல்ல அண்ணா. அவரு இருந்தா உன்ன வாடான்னு கூப்புட்டிருப்பாரு. அதனால வா."

வெள்ளிக்கிழமை வந்தார், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. மாலை வாங்கி வந்திருந்தார். ஆனால் உன் படத்திடம் நேராகப் போகவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டார். பக்கத்து வீட்டுத் தறிக்காரரைக் கூப்பிட்டார், எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"எங்க மச்சான் செத்த அன்னிக்கு இங்க ஒக்காந்து ஒண்ணு சொன்னேன். அது பொய்யி. ஐம்பது வருசமா அந்தப் பொய்யச் சொல்லிக்கினு திரிஞ்சவன் நான். அவரு குண்டடி பட்டவரு. எல்லாரும் கேட்டுக்குங்க."

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். அன்றைக்குத்தான் அழுதாள் நைனா. அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

காதர் பாய்க்கும் போன் போட்டுச் சொன்னேன். "இப்பதான் அவன் ஏகாம்பரம் ஆனானா?" என்று சிரித்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், உங்கள் நட்சத்திரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. "எனக்கு எங்க வந்துச்சு பேட்டி? உங்கப்பன அந்தக் கூடாரத்துல சேத்துட்டு, அவன அனுப்புற வரைக்கும் அங்கியே கெடந்தேன். லிஸ்ட்ல நானும் இல்ல. அத யாரு போயி கேக்கறது?" என்றார்.

நான் கேட்கிறேன் நைனா. அவருடைய விண்ணப்பத்தை எழுதி அனுப்பிவிட்டேன். எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் மறுபடி எழுதுவேன். உன்னுடையது உன் கைக்கு வந்து சேரவில்லை. அவருடையதை, அவர் இருக்கும்போதே, அந்த நல்ல கையில் நானே கொண்டுபோய் வைப்பேன்.

உன் மூத்த மகள்,
கோமளா