என் வாசலில் நிற்கும் உன் த்ரீவீல்

உன் த்ரீவீலுக்குள் இன்னும் தைல மணம் நிற்கிறது. முழங்காலுக்கு நீ பூசுகிற அந்தப் பச்சைத் தைலம். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் பின்னேரம் உன் மகள் அதைக் கொண்டுவந்து என் வாசலில் நிற்பாட்டினாள். திறப்பை என் கையில் வைத்து, "அம்மாவின்ர வீலை வெளியாக்களுக்குக் குடுக்க மனமில்லை, அன்ரி. நீங்களே எடுங்கோ," என்றாள். அவள் போனபிறகு உள்ளே தலையை நீட்டினேன். மணம் மூக்கில் ஏறியது. தலையை வெளியே எடுத்துவிட்டேன்.

எனக்கு எழுத்து ஓடாது, உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஞாபகம் ஓடும். அதுவும் உனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதானே இத்தனை வருடம் எதிர்ப்பக்கத்தால் நடந்து போனாய்.

என்னுடைய பழையது இனி ஓடாது. புகைச் சோதனையில் விழுத்திவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் லைசன்ஸ் இல்லை, லைசன்ஸ் இல்லாமல் ஓட முடியாது. தெமட்டகொடையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார். முந்தியே இரண்டு முறை கடைந்த சிலிண்டர், இனிக் கடைய இரும்பு இல்லை என்றார். "அக்கே, தெங் எத்தி" என்றார். அக்கா, இனிப் போதும் என்று. செத்தவீட்டில் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். எனக்கு அதுதான் கோபம் வந்தது.

ஆக, ஒன்றில் உன்னுடையதை எடுக்க வேண்டும், அல்லது ஓட்டத்தை விட வேண்டும். ஓட்டத்தை விட்டால் நான் யார்? மகன் வீட்டில் வெங்காயம் உரிக்கிற கிழவி.

அந்தப் பழையதில்தானே இரண்டு பேரும் பழகினோம். என் மனிசன் செத்துப்போனபிறகு அது வாசலில் துருப்பிடித்துக்கொண்டு நின்றது. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குத் தகரம் எத்தனை நாள் தாங்கும்? உன் மனிசன் வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். "அக்கா, இது சும்மாதானே நிக்குது, நாங்கள் ஓடுவம்," என்று நீதான் முதலில் சொன்னாய். நான் மறுப்பேனா? ரயில் பாதைக்குப் பக்கத்து மணலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினோம். கீழே இருக்கிற இரும்புத் தண்டை இழுத்து ஸ்டார்ட் பண்ண உனக்குப் பலம் போதாது. நான் இழுப்பேன், நீ ஓடுவாய். கடற்கரைப் பக்கம் நின்ற ஒருவன், வீட்டில் ஆம்பிளைகள் இல்லையோ என்று கேட்டான். நீ நிற்பாட்டாமலே, "இருந்தா இழுத்து ஸ்டார்ட் பண்ண விட்டிருப்பம்," என்றாய். நான் சிரித்துச் சிரித்துச் சீட்டிலிருந்து விழப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னுடைய ஓட்டம். பகலில் சந்தை, கோயில், களுபோவில கிளினிக் எல்லாம் உன்னுடையது. அப்படித்தான் இரண்டு அடுப்பு எரிந்தது. பிறகு நீ உனக்கென்று புதிதாய் ஒன்று எடுத்தாய். அதில் எனக்குக் கோபமில்லை. இதை உன் மகளுக்கும் சொல்லியிருக்கிறேன். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தது நான். தேங்காய் உடைத்ததும் நான். "நீங்களும் மாத்துங்கோ அக்கா, இதுக்குப் பட்டன் அமத்தினாக் காணும், புகையும் இல்லை," என்றாய். ஓடுகிற வண்டியை ஏன் மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் ஆளின் கை பட்ட ஹேண்டில் அது. நீ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

பள்ளிக்கூட ஓட்டத்தில் வீல் ஓடுகிற எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் அவர் ஏற்றுகிற பிள்ளைகளை மற்றவர் ஏற்றுவார். எழும்பி வந்த அன்று பிள்ளைகள் திரும்பி வரும். கேட்டு வாங்கத் தேவையில்லை. கொடுத்ததாகச் சொல்லிக் காட்டவும் கூடாது. எனக்கு டெங்கு வந்து களுபோவிலயில் கிடந்தபோது, அடுத்த ஒழுங்கையில் வீல் ஓடுகிற தம்பி ஒருவர், பிள்ளைகளைத் தான் ஏற்றுகிறேன் என்று ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார். வேண்டாம், என் ஆள் இருக்கிறாள் என்று அவரை அனுப்பினேன். என் ஆள் என்று உன்னைச் சொன்னேன். பின்சீட்டுக்கு எதிரே சின்னதுகள் இருக்கிற பலகையையும் கழற்றி உனக்குக் கொடுக்கச் சொன்னேன், நெருக்கமாய் இருக்கக் கூடாதே என்று.

சுகமாகி வந்து காலையில் முதல் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தேன். பிள்ளை வரவில்லை, தாய் வந்தாள். வெள்ளை யூனிபோர்மில் எண்ணெய்ப் புகை மணக்கிறதாம், பிள்ளைகள் புதியதில் பழகிவிட்டதுகளாம், குறை நினைக்கக் கூடாதாம். அடுத்த வீட்டிலும் அதே பாட்டு. மூன்றாம் வீட்டு வாசலில் உன் வீல் நின்றது. என் பிள்ளைகள் என் பலகையில் இருந்தார்கள். கடைசிச் சின்னன் என்னைக் கண்டு கை காட்டியது. நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாய்.

பின்னேரம் உன் வாசலுக்கு வந்து கேட்டேன். ஞாபகம் இருக்கும். நீ அரிசி களைந்துகொண்டு இருந்தாய், நிமிரவில்லை. "நான் கேக்கேல்லை அக்கா. அவையள்தான் விட்டவை. நான் என்ன, வேண்டாமெண்டு துரத்துறதோ?"

துரத்தத்தான் வேண்டும். அதுதான் முறை. நான் என்றால் துரத்தியிருப்பேன்.

அதன்பிறகு நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் சாமான் ஏற்றினேன். கோணிச் சாக்கு, வெங்காயம், மீன் பெட்டி. பிள்ளைகள் இருந்த சீட்டில் கருவாடு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேறு பிள்ளைகள் சேர்ந்தார்கள், புகையைப் பொருட்படுத்தாத வீட்டுப் பிள்ளைகள். தண்டு இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. நீ பட்டனை அமத்திக்கொண்டு போனாய்.

பெற்றோல் இல்லாத காலத்தில், அது அடிக்கிற ஷெட்டுக்கு வெளியே வரிசையில் என் பின்னால் நீ வந்து நின்றாயே. வரிசை நகர நகரத் தள்ளினோம், நான் என்னுடையதை, நீ உன்னுடையதை. ஒரு சொல் இல்லை. மத்தியானம் ஒருவன் குறுக்கே கொண்டுவந்து எனக்கு முன்னால் செருகப் பார்த்தான். நீ இறங்கி வந்து சிங்களத்தில் அவனைக் கிழித்தாய், என் அக்காவின் இடம் அது என்று. அக்காவாம். பிறகு ஒரு சோற்றுப் பார்சலை என் சீட்டில் வைத்துவிட்டுப் போனாய். நான் தொடவில்லை. பசித்தது, தொடவில்லை. வெயிலில் அது புளித்து மணக்கும்வரை அங்கேயே இருந்தது, நீ பார்க்கத்தக்கதாய்.

உன் செத்தவீட்டுக்கு வந்தேன். முகம் பார்த்தேன். அழவில்லை. சனம் அதையும் கதைத்திருக்கும்.

இன்று விடிந்ததும் உன்னுடையதை எடுத்து மரைன் டிரைவால் ஒருமுறை ஓடிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். நல்ல வீல். கிளச் பூப்போல இருக்கிறது. என் தோள் ஒருமுறைகூட நோகவில்லை. தகரம் மெல்லியது, என்னுடையதன் உறுதி இல்லை. பாலத்து ஏற்றத்தில் முனகாமல் ஏறியது. பலகை அதிலேயே இருக்கிறது, நீ புது றெக்சின் போட்டுத் தைத்திருக்கிறாய். நல்லது என்று கண்டபோது கோபம் குறையும் என்று நினைத்தேன். கூடியது. இவ்வளவு சுகமான ஒன்றில் இருந்துகொண்டா, புகைக்குள் போன என்னைக் கண்ணாடியில் பார்த்தாய்?

திரும்பி வந்து உன் மகளிடம் எடுக்கிறேன் என்று சொன்னேன். பழையதைப் பாஸிடம் உதிரிக்குக் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பாவம், உன்னைப் போல இல்லை, நல்ல பிள்ளை.

"அப்ப அம்மாவில இருந்த கோவம் போயிட்டுதோ, அன்ரி?"

"வீலைத்தான் எடுத்தனான், பிள்ளை," என்றேன்.

உன் ஓட்டத்துப் பிள்ளைகள் இருக்கினம், தாய்மார் கேட்கினம், அவையளையும் ஏற்றுவீங்களோ என்று மட்டும் மெல்லக் கேட்டாள். ஏற்றினேன். இன்று காலையே. முதல் வாசலில் நிற்பாட்ட, இரண்டாம் வகுப்புப் பெட்டை ஒன்று ஒரு மாதமாய்க் கேட்காத சத்தம் கேட்டு ஓடிவந்தது. எஞ்சின் சத்தம் உன்னுடையதல்லவா. ஏறப் போனது, என் முகத்தைப் பார்த்ததும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டது.

"அன்ரி எங்க?"

தாய் பிள்ளைக்குச் சொல்லவில்லைப்போல. தாயைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்தாள். சொல்லுகிற வேலை என் தலையில் விழுந்தது. உன்னைப் பற்றி ஒரு பிள்ளையிடம் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லலாம். வாய்வரை வந்தது. "அன்ரிக்குக் கால் ஏலாது. ஓய்வெடுக்கிறா. என்னைப் போய் ஏத்தச் சொன்னவ," என்றேன். பிள்ளை ஏறி இருந்தது.

பள்ளிக்கூட வாசல்வரை அந்தப் பொய்யோடுதான் ஓடினேன். நான் களுபோவிலயில் கிடந்த அந்த முதல் காலையில், என் பிள்ளைகளும் உன்னிடம் கேட்டிருப்பார்கள், எங்கள் அன்ரி எங்கே என்று. நீ என்ன சொன்னாய்? என்னைத் திரும்பி வருகிறவளாய்ச் சொன்னாயா, வராதவளாய்ச் சொன்னாயா? சண்டையில் எல்லாவற்றையும் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை. உன்மீதுள்ள கோபத்தை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. அதோடு சேர்த்து இப்போது இந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டு ஓடுகிறேன்.