டிக்கியில் மணல் மூட்டை

என் தங்கத்துக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா?

இங்கே முதலாளியோட ரேஸ் காரோட மல்லுக்கட்டி என் உயிர் போகுது. முன்சக்கரம் இழுக்கிற கார் அது. வேகமா கிளம்பும்போது பாரம் பின்னால சாயும், முன் டயர் லேசாகி நின்ன இடத்துலேயே சுத்தும். நீ பின்னால உட்கார்ந்திருக்க நம்ம ஸ்கூட்டர் மேடேறும்போது ஹேண்டில் லேசாகுமே, அதே கதைதான். இந்த மனுஷன் என்னடான்னா, பிடிமானத்துக்குன்னு டிக்கியில மணல் மூட்டை ஏத்துறார். தலைகீழா நின்னு சொல்லிப் பார்த்துட்டேன், கேட்கலை.

நேத்து போட்டிக்கு முன்னாடி அவருக்குத் தெரியாம மூட்டையை இறக்கிட்டு, முன் டயர்ல கொஞ்சம் காத்தையும் குறைச்சேன். கார் வழுக்காம பாஞ்சுது. ஓட்டின முதலாளி இறங்கி வந்து என் தோளைத் தட்டி, "பார்த்தியா, எல்லாம் மூட்டையோட மகிமை"ன்னார். வாயைத் திறந்தா வேலை போயிடும்.

உன் தலையணை உறை ஒண்ணு அனுப்பு, துவைக்க வேண்டாம். இதைப் படிச்சு நீயாவது சத்தமா சிரி. சேர்ந்து சிரிக்க ஆளில்லாம நேத்திலேருந்து அடக்கி வச்சிருக்கேன்.

முதலாளி கூப்பிடுறார். புதுசா ரெண்டு மூட்டை வந்திருக்காம், நான்தான் தூக்கணும்.

உன் வீட்டுக்காரன்