பாக்கலாங்க

ஞாயிறு, ஐப்பசி.

எங்கள் ஏரியில் ஊரோடு சேர்ந்து சுற்றுலா வளர்க்கப் போகிறார்களாம். சென்னை ஆலோசகர் இன்று கூட்டம் போட்டார். நாரைகள் கூடு கட்டும் கருவேல மரங்களை வெட்டிவிட்டு, அங்கே பறவை பார்க்கக் கோபுரம் கட்டலாமா என்று கேட்டார். மரம் போனால் எந்தப் பறவையைப் பார்ப்பதாம்? அதைக் கேட்க ஒருவனுக்கும் வாயில்லை. "பாக்கலாங்க" என்றார்கள். எங்கள் பக்கம் அதற்கு முடியாது என்று அர்த்தம். அந்த மேதாவியோ, "ஊரே சம்மதிச்சிருச்சு" என்று கைதட்டினார். எங்கள் ஆட்களும் கூடவே தட்டிவிட்டு வடை தின்றார்கள்.

"முடியாதுன்னுதானுங்ணா சொன்னோம்" என்றான் பங்காளி முருகேசன், வெளியே வந்து, என்னிடம்.

கூட்டத்தில் என் நம்பரை வாங்கிப் போயிருந்த ஆலோசகர், சற்று முன் போன் செய்தார். மரம் வெட்ட ஆள் அனுப்பட்டுமா என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாக்கலாங்க" என்று வந்தது.

"ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.