தேன்பாறையில் இரும்பு வளையம்

மச்சானுக்கு,

சுரங்கக் கம்பெனி கேம்பில் சோறு சரியில்லை என்றீர்களாம். அக்கா கொடுத்துவிட்ட தினை மாவோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். நீங்கள் அந்த வேலைக்குப் போனதிலிருந்து நமக்குள் பேச்சில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

துளை போடும் மெஷின் சத்தத்தில் தேன்பாறைக்கு இந்த வருடம் தேனீயே வரவில்லை.

நேற்று இன்ஜினியர் வந்தார். "பேட்டரிக்கு ஆகுற கறுப்புக் கல்லு பாறை இடுக்குல இருக்கு. வெள்ளிக்கிழமை உங்க மச்சான்தான் இறங்கி எடுக்கிறாரு. கயிறு பிடிக்க ஆள் வேணாம், கயித்தக் கட்ட பாறை உச்சியில இரும்பு வளையம் அடிச்சாச்சு" என்றார்.

நம் பளியர் சனத்தில் தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான், அக்காளை நினைத்தால் அவன் கை நழுவாது என்றேன். "வளையம் அதைவிட உறுதிப்பா" என்று சிரித்தார். இருக்கலாம். வாதாட எனக்குத் தெம்பில்லை.

அக்கா அழவில்லை. "ஏலே, பழைய கயித்தக் காயப்போட்டியா?" என்று மட்டும் கேட்டாள். போட்டிருக்கிறேன்.

வளையத்தில் கட்டியே இறங்குங்கள். நம் கயிற்றையும் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மேலே நான் பிடித்திருப்பேன். பேச வேண்டாம். திரும்பி வரத் தோன்றினால் ஓர் இழுப்பு இழுங்கள், போதும்.

உங்கள் மச்சினன்