ரிசார்ட் வாசலில் கடக்கிறோம், அம்மா

என் அம்மாவுக்கு,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்தபோது ரேஷன் கடை அறிவிப்பிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் நான்தான் உனக்குப் படித்துக் காட்டுவேன். அதனால் இதையும் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். தெருவில் போகிறவர்கள் காதில் விழுந்தால் விழட்டும். விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பேப்பர்காரர்கள் மேலுள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போன மறுநாள் ஒரு மூலையில் நாலு வரி போட்டிருந்தார்கள். தனலட்சுமி என்ற உன் பெயரைத் தனபாக்கியம் ஆக்கியிருந்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். 'கவனக்குறைவாகச் சாலையைக் கடந்த உப்பளத் தொழிலாளி, அடையாளம் தெரியாத வாகனம் மோதி பலி' என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவை யார் பார்த்தது? பால் பொங்கும்வரை அடுப்பை விட்டு நகராதவள் நீ. பஸ்ஸில் ஏறும்முன் கால் வைக்கப்போகும் படியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறவள். தங்கச்சி சுமதி வேலை முடிந்து உள்ளே நுழையாமல் கதவைத் தாழ்ப்பாள் போடாதவள். உன்னை அடித்துவிட்டுப் போன வண்டியின் நிறம்கூட ஒருத்தருக்கும் தெரியவில்லை. உன் கவனக்குறைவு மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன். நம்முடைய குப்பம் கடல் பக்கம். உப்பளம் சாலைக்கு அந்தப் பக்கம். பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும் பஸ் நிற்பதும் அந்தப் பக்கம்தான். அதனால் இந்த ஊரில் உப்பு வாரப் போகிறவர்களும் காலேஜுக்குப் போகிறவர்களும் என்னைப் போலத் துணிக்கடையில் பில் போடப் போகிறவர்களும் எல்லோரும் இந்த ஈ.சி.ஆர் சாலையைக் கடந்தே தீர வேண்டும். சாலையை அகலப்படுத்தி நடுவில் தடுப்புச் சுவர் கட்டியபோது, நம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு வழி விட்டார்கள். பிறகு ரிசார்ட் வந்தது. நம் வழியை அடைத்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அந்த ரிசார்ட்டின் கேட்டுக்கு நேர் எதிரே புது வழி திறந்தார்கள். அங்கே உயரமான விளக்கு, மினுக்கும் மஞ்சள் சிக்னல், சாலையில் வெள்ளைக் கோடு, எல்லாம் வந்தன. நமக்கு என்ன வந்தது? தடுப்புச் சுவர் நெடுக அரளிச் செடி வந்தது.

அந்த அரளியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இப்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. சுவர்மேல் ஏறி, செடிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி, அந்தப் பக்கம் கால் வைக்கும்வரை அங்கே ஒரு பெண் நிற்கிறாள் என்று எந்த டிரைவருக்கும் தெரியாது. விடியும்முன் இருட்டில் நீயும் அப்படித்தான் கால் வைத்தாய். ஒரு விளக்குக்கம்பம் நடக் காசில்லை என்றார்கள். ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற லாரி தவறாமல் வருகிறது.

நீ போன அன்றைக்கு ஊரே சாலையில் உட்கார்ந்தது. அனுமந்தைப் பக்கம் வரை வண்டிகள் நின்றனவாம். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். "ஒரு மாசத்துல வழி திறந்து, லைட்டும் போட்டுத் தர்றோம்மா. நம்புங்க" என்று கும்பிட்டுச் சொன்னார்கள். எழுந்து வந்தோம். இரண்டு இரும்புத் தடுப்புகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவற்றின்மேலும் ரிசார்ட் விளம்பரம்! கொஞ்ச நாளில் ஏதோ ஒரு லாரி அவற்றையும் இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. அதற்குள் மழைக்காலம் வந்து உப்பளம் மூடிவிட்டது. அளத்துக்கு யாரும் போகவில்லை, சாவும் விழவில்லை. அதனால் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து, உப்புப் பாத்தியை மிதித்து இறுக்க ஆள் கூப்பிட ஆரம்பித்ததும்தான் பெண்களுக்குப் பயம் வந்தது. மறுபடியும் இருட்டு, மறுபடியும் அரளி. இப்போது பனி வேறு.

அப்போதுதான் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒரு விழா வைத்தார்கள். அளத்துக்குப் போகிற பெண்களுக்கு, ரிசார்ட் சார்பில், வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்கோட்டு இலவசம். மேடையில் தலைவரம்மா நிற்க, நாற்காலியில் வழக்கம்போல அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நம்ம அஞ்சலை அத்தைதான் முதலில் வாங்கினாள். வாங்கிய கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, முதுகு பூரா அவன் பேரு போட்டிருக்குது? நாம வேலைக்குப் போறமா, வெளம்பரம் பண்ணப் போறமா?"

"பளபளன்னு மின்னும் அத்தை. தூரத்துலயே வண்டிக்காரனுக்குத் தெரியுமாம்" என்றேன்.

"அரளிக்குப் பின்னால நின்னா அரளிதான்டி தெரியும். உங்கம்மா இன்னா கறுப்புப் பொடவையா கட்டிக்கிட்டுப் போனா?"

நீ அன்றைக்கு மஞ்சள் புடவை கட்டியிருந்தாய். அத்தைக்கு அது நினைவிருந்தது.

ரிசார்ட் மேனேஜர் மைக் பிடித்தார். சாலை விதிகள் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார். "அனுமதிச்ச இடத்துல மட்டும்தான் ரோட்டைக் கடக்கணும். உங்களுக்குக் கிட்ட இருக்கிற ஓப்பனிங் எங்க கேட்டுக்கு எதிர்லதான் இருக்கு. லைட் இருக்கு, சிக்னல் இருக்கு. சேஃபா கடக்கலாம்."

கூட்டத்திலிருந்து அஞ்சலை அத்தை எழுந்தாள். "அப்ப நாங்க அங்க வந்து கடக்கலாமா சார்?"

"தாராளமா வாங்கம்மா!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் சேர்ந்து தட்டினார்.

கடைசியில் தலைவரம்மா வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். "கோகிலா, நீதான் இந்தத் தெருவுலயே டிகிரி முடிச்ச பொண்ணு. ரெண்டு வார்த்த நன்றி சொல்லும்மா." அம்மா, உனக்கு என் லட்சணம் தெரியும். கடையில் சில்லறை குறைந்தால்கூடத் திருப்பிக் கேட்காமல் வந்து உன்னிடம் திட்டு வாங்குகிறவள். மைக்கைப் பிடித்தேன். எழுதிக் கொடுத்திருந்த நன்றியைப் பார்த்தேன். அதில் 'துயரச் சம்பவம்' என்று இருந்தது. அதுதான் நீ.

"எங்க அம்மா பேரு தனலட்சுமி" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏம்மா, நன்றி?"

"அவ்ளோதான் சார்."

அன்று சாயங்காலம் அத்தை நம் வீட்டுக்கு வந்தாள். கூடவே இன்னும் நாலைந்து பேர். "மேனேஜர் வாய்விட்டுக் கூப்ட்டுட்டாரு. போவலன்னா மரியாதையா இருக்காது" என்றாள் அத்தை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சுமதி மட்டும் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ரிசார்ட்டில்தானே அவள் ரூம் துடைக்கிறாள்?

எல்லோரும் போன பிறகு என்மேல் பாய்ந்தாள். "நீ போவாத அக்கா. உன்ன அங்க பாத்தா என்னத் தூக்கிடுவாங்க. நீ போவலன்னா அம்மாவுக்குக் கோவமா வரப்போவுது?"

"அம்மாவுக்கு வராதுடி. எனக்கு வந்திருக்குது."

அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேனே தவிர, அவள் பயம் நியாயம்தான். நீ இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

அளத்து வேலை தொடங்கிய முதல் நாள் விடியும்முன் எல்லோரும் சாலை ஓரமாகவே நடந்தோம். கூடை, மண்வெட்டி, உப்பு வாரும் பலகை, சோற்றுத்தூக்கு, எல்லோர் முதுகிலும் ரிசார்ட் பேர். கேட்டில் நின்ற வாட்ச்மேன் மிரண்டுபோனார்.

"ஏம்மா, எங்க கும்பலா?"

"கடக்க வந்தோம்பா. உங்க சார்தான் வரச் சொன்னாரு."

அஞ்சலை அத்தைக்கு முழங்கால் வலி. எப்போதும் மெதுவாகத்தான் நடப்பாள். அன்றைக்கு இன்னும் மெதுவாக நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ரிசார்ட்டிலிருந்து வெளியே வந்து திரும்ப வேண்டிய கார்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் ஆரன் அடித்துத் தலையை வெளியே நீட்டினான்.

"ஏம்மா, சீக்கிரம் போங்க! ஏர்போர்ட் போவணும்!"

"போவலாம் ராஜா. நாங்களும் வேலைக்குத்தான் போறோம்" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை.

சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே வாசல்தான். மறுநாளும். அதற்கு மறுநாளும். நான் காலையில் மட்டும் அவர்களோடு கடந்துவிட்டுத் திரும்பி, அங்கிருந்தே பாண்டிச்சேரி பஸ் பிடித்தேன். போகவர நடை அதிகம்தான். கால் வெடிப்போடு உப்புத்தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஒருத்தியும் நிற்கவில்லை. அறையில் தங்கியிருந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். முதுகில் இருந்த பேர் தெளிவாக விழுந்திருக்கும்.

மூன்றாம் நாள் மேனேஜர் சுமதியைக் கூப்பிட்டிருக்கிறார். "உங்க ஊரு லேடீஸ்தானே? போய்ப் பேசி அனுப்பி வை." இவள் யூனிஃபார்மோடு கேட்டுக்கு வெளியே வந்தாள். நம்மைத் திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அத்தையின் தலையிலிருந்த கூடையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி ஒரு டூரிஸ்ட் வேனை நிறுத்தி, அந்தப் பக்கம் வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள்.

"அனுப்பினியா?" என்று கேட்டாராம் மேனேஜர்.

"அந்தாண்ட அனுப்பிட்டேன் சார்" என்றாளாம்.

அன்றிலிருந்து அவளை ரூம் வேலையிலிருந்து எடுத்து, துணி துவைக்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள். சோப்புத் தண்ணீரில் கை வெந்துபோகிறது. ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, "பரவால்லக்கா, ஏ.சி ஒத்துக்கல" என்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. நம்மைக் கொல்லும்போது சாலைக்காரர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. நாம் ஒரு கூடையைத் தூக்கிக் கொடுத்தால் மட்டும் தண்டனை உடனே வந்துவிடுகிறது.

பிறகு மேனேஜரே குப்பத்துக்கு வந்தார். வேன் விடுகிறாராம். பெண்களைக் குப்பத்தில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடுமாம். கேட்டுக்கு மட்டும் வர வேண்டாமாம்.

"எத்தினி நாளைக்கு சார் வேன் வரும்?" என்று கேட்டாள் அத்தை.

"இந்த சீசன் முழுக்க வரும்மா."

"அடுத்த சீசனு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா, கோட்டு வேண்டாம், வேன் வேண்டாம், உன் பேரில் ஒரு நிழற்குடை கட்டித் தருகிறோம் என்கிறார்களே, அதுவும் வேண்டாம். அடைத்த வழியைத் திறக்க வேண்டும். விளக்குப் போட வேண்டும். வண்டிகள் வேகம் குறைய அங்கே ஒரு மேடு வேண்டும். அடுத்து யார் என்று அளத்துக்குப் போகிற ஒவ்வொருத்தியும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். இதைத்தான் சுற்றிச் சுற்றி எல்லோரிடமும் சொல்கிறோம். காது கேட்காதவர்களிடம் பேசுவது போல இருக்கிறது.

ஆனால் ஒன்று நடந்தது. நேற்று சாலை ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. வழியைத் திறக்கச் சொல்லி அங்கே கொடுத்த மனுவில் என் நம்பரைத்தான் எழுதியிருந்தோம். இன்ஜினியர் இடத்தைப் பார்க்க வருகிறாராம்.

"நாளன்னைக்குப் பதினோரு மணிக்கு சார் வருவாரும்மா. நாலு பேர நிக்கச் சொல்லுங்க."

"பதினோரு மணிக்கு அங்க யாரும் கடக்க மாட்டாங்க சார். விடியறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க."

"அந்த நேரத்துக்கெல்லாம் சாரால வர முடியாதும்மா."

"எங்க அம்மாவால முடிஞ்சிது சார்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பில் போட நின்ற கஸ்டமர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்கள். சாயங்காலம் மறுபடி போன் வந்தது. வருகிறாராம், விடியும்முன்.

நாளைக்குத்தான் அது. வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடியே டார்ச் அடித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போகிறவராகவும் இருக்கலாம். விட மாட்டேன். அவர் இறங்க வேண்டும். நீ ஏறிய இடத்தில் சுவர்மேல் ஏற வேண்டும். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வரும்போது அது தூரமா பக்கமா என்று தெரியாமல், ஒரு காலை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று அவரும் ஒருமுறை நிற்க வேண்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று ஜீப்பை அங்கே வரச் சொல்லுவார். அதற்கும் விட மாட்டேன். வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கும் வர வேண்டுமே? அவரும் கடந்துதான் திரும்ப வேண்டும்.

வேற்று ஆம்பளையிடம் முகத்தை நிமிர்த்திப் பேசாத பெண் என்று என்னை நீ பெருமையாகச் சொல்லுவாய். மன்னித்துக்கொள் அம்மா. அவர் தயங்கினால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடப்பேன். போகவும் வரவும். இது உனக்கு என் சத்தியம்.

உன் பெரிய பெண்,
சுமதிக்கு அக்கா,
கோகிலா